டிப்போவில் ஒளிந்திருக்கும் டைகர்

சத்தம் போடாத எழுத்துகளைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? பாடம் பட்டாபிராம் போர்டுகளிலேயே இருக்கிறது!

“அத்தை, இது டெபாட்டா?”

மிலிட்டரி சைடிங் லோக்கல், பட்டாபிராம் தாண்டி மெயின் லைனை விட்டு விலகி, ஈஸ்ட் டிப்போ ஸ்டேஷனில் நின்றிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த என் அண்ணன் மகன், போர்டில் இருந்த ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான். நாலாம் வகுப்பு. பேச ஆரம்பித்த நாளிலிருந்து ‘டிப்போ’ என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவன். பஸ் டிப்போ தெரியும், இ டிப்போ தெரியும். அந்த டிப்போவும் இந்தப் போர்டில் இருப்பதும் ஒன்றுதான் என்பது மட்டும் அவனுக்குத் தோன்றவே இல்லை.

“டிப்போடா அது.”

“அப்போ கடைசில ஒரு டி இருக்கே?”

“அது சைலன்ட்.”

“ஏன்?”

என்னிடம் பதில் இல்லை. நான் படிக்கும்போது இந்த ‘ஏன்’ என்ற கேள்வியைக் கேட்கும் துணிச்சலே எனக்கு வந்ததில்லை. சைலன்ட் லெட்டர், மனப்பாடம் பண்ணு, அவ்வளவுதான். சில பழைய வாத்தியார்கள் ‘ஊமை எழுத்து’ என்பார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடிக்காது. அவை ஊமையும் இல்லை, அது போகப் போகத் தெரியும்.

இதைத் தமிழில் எழுதுவதில் ஒரு சங்கடம் உண்டு. ஆங்கிலத்தின் நான்காவது எழுத்தும் நமக்கு டி, இருபதாவது எழுத்தும் டி. இரண்டாவதும் பி, பதினாறாவதும் பி. போனில் பெயரை ஸ்பெல்லிங் சொல்லும்போது எல்லோரும் செய்வதையே நானும் செய்கிறேன்: டாக் டி, டைகர் டி, பால் பி, பேரட் பி. (குடிக்கிற பால் இல்லை, உதைக்கிற பால்.) ஆக, டிப்போவின் கடைசியில் உட்கார்ந்திருப்பது டைகர். உறுமாத டைகர்.

வீட்டுக்கு வந்து அவனுடைய டிக்டேஷன் நோட்டைப் புரட்டினேன். நாலு கோடு நோட்டு. கத்திக்கான ‘நைஃப்’பை ‘என்’னில் ஆரம்பித்திருந்தான், முன்னால் வர வேண்டிய ‘கே’ இல்லை. ஆட்டுக்குட்டி ‘லேம்’மின் வாலில் பால் பி இல்லை. ரசீதுக்கான ‘ரிசீட்’டில் பேரட் பி இல்லை. மூன்றிலும் சிவப்பு மையில் சுழி; அடியில் ‘பத்துத் தடவை எழுதவும்’.

எழுதியும் இருந்தான். எப்படி என்பதுதான் பார்க்க வேண்டியது. முதலில் பத்து ‘கே’, மேலிருந்து கீழாக, தூண் நட்ட மாதிரி. பிறகு பக்கத்திலேயே பத்து ‘என்’, பத்து ‘ஐ’. இம்போசிஷன் எழுதிய எவருக்கும் இந்த வித்தை தெரியும். கை வேகமாகப் போகும், தலைக்குள் ஒன்றும் ஏறாது. பத்துத் தடவை எழுதிய பிள்ளை, அந்தச் சொல்லை ஒரு தடவைகூட எழுதவில்லை என்பதே உண்மை. நான் படித்த பள்ளியில் ‘நாலெட்ஜ்’ என்ற சொல்லை ஐம்பது தடவை எழுதச் சொன்னார்கள். தூண் தூணாக எழுதிக்கொடுத்தேன். அடுத்த வாரமும் ‘கே’ போட மறந்தேன்.

இந்தப் பக்கத்து அப்பா அம்மாக்களுக்கு ஸ்பெல்லிங் சின்ன விஷயம் இல்லை. ஆவடி டேங்க் ஃபேக்டரி, ராணுவ உடைத் தொழிற்சாலை, அம்பத்தூர் எஸ்டேட் என்று ஷிஃப்டுக்குப் போய்வந்த தலைமுறைகள் வளர்த்த பிள்ளைகள் இவர்கள். 2024 நவம்பரில் பட்டாபிராமிலேயே 21 மாடியில் டைடல் பார்க் திறந்துவிட்டார்கள். பால்கனியில் நின்றால் கட்டடம் தெரிகிற வீடுகளில், “அங்கே உள்ள போகணும்னா இங்கிலீஷ் வேணும்” என்ற பேச்சு தினமும் நடக்கிறது. எனவே தெருவுக்குத் தெரு ட்யூஷன், போதாக்குறைக்கு ஃபோனிக்ஸ் கிளாஸ்.

அப்படி ஒரு ட்யூஷனில் சாயங்காலம் போய் உட்கார்ந்தேன். வீட்டு வராந்தாதான் வகுப்பு. அந்த மிஸ் டிக்டேஷனுக்கு முன்னால் பிள்ளைகளைக் கூட்டமாகக் கத்த வைக்கிறார்: “க்னைஃப்! வெட்-நெஸ்-டே! ரி-சிப்ட்!” பிறகு தணிந்த குரலில், “இது எழுதறதுக்கு. பேசும்போது நைஃப், வென்ஸ்டே, ரிசீட். சரியா?” கான்வென்டில் படித்தவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். எனக்கும் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு, அந்த வராந்தாவில் கேட்ட ‘க்னைஃப்’ ஐந்நூறு ஆண்டு பழைய ஆங்கிலம் என்று தெரிந்தபோது சிரிப்பு அடங்கிவிட்டது.

வாய் ஓடியது, எழுத்து நின்றது

கத்தி, முழங்கால், முடிச்சு ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களில் வரும் ‘கே’யை ஒருகாலத்தில் இங்கிலாந்தில் எல்லோரும் உச்சரித்தார்கள். ஜெர்மன்காரர்கள் முழங்காலை இன்றைக்கும் ‘க்னீ’ என்றுதான் சொல்கிறார்கள். ஆங்கிலேயர் நாக்கிலிருந்து அந்த ‘க்’ 17ஆம் நூற்றாண்டு வாக்கில் நழுவியது. ஆட்டுக்குட்டியின் பால் பி அதற்கும் வெகுமுன்பே போய்விட்டது. இரவுக்கான ‘நைட்’டில் நடுவில் நிற்கும் ஜி-எச் ஜோடிக்கும் தொண்டையைச் செருமுவது போன்ற ஓர் ஒலி இருந்தது.

ஆனால் வில்லியம் காக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்துவிட்டார். அச்சுக் கோத்தவர்கள் தங்கள் கண்ணுக்குப் பழகிய வடிவத்தைக் கோத்துத் தள்ளினார்கள். காக்ஸ்டன் நெடுநாள் ஃபிளாண்டர்ஸ் பக்கம் இருந்துவிட்டு வந்தவர். பேய்க்கான ‘கோஸ்ட்’டில் ஒரு ‘எச்’ வந்து ஒட்டிக்கொண்டதே அந்த ஊர் எழுத்துப் பழக்கத்தால்தான் என்கிறார்கள். வாய் ஓடிக்கொண்டே இருந்தது. ஈயத்தில் வார்த்த எழுத்து நின்ற இடத்திலேயே நின்றது.

அது போதாதென்று படித்தவர்கள் வேறு கைவைத்தார்கள். கடனுக்கும் சந்தேகத்துக்கும் ஆன ‘டெட்’, ‘டவுட்’ இரண்டும் பிரெஞ்சிலிருந்து வந்தபோது அவற்றில் பால் பி இல்லை. லத்தீன் மூலத்தில் இருக்கிறதே என்று பண்டிதர்கள் தேடிப்போய்ச் சொருகினார்கள். ரசீதின் பேரட் பியும் அப்படி வந்ததே. தீவுக்கான ‘ஐலண்ட்’டில் உள்ள ‘எஸ்’ இன்னும் மோசம்: அந்தச் சொல்லுக்கு லத்தீனோடு உறவே கிடையாது, பக்கத்தில் இருந்த வேறொரு சொல்லைப் பார்த்து ஏமாந்து போட்டது. முடிந்தது என்பதற்கான ‘குட்’டில் ‘எல்’ எந்தக் காலத்திலும் ஒலித்ததில்லை. ‘உட்’, ‘ஷுட்’ என்ற கூட்டாளிகளில் இருக்கிறதே என்று இதற்கும் மாட்டிவிட்டார்கள்.

ஆக, டிக்டேஷனில் ‘ஐலண்ட்’டை ‘எஸ்’ இல்லாமல் எழுதும் பிள்ளை தப்புச் செய்யவில்லை. நானூறு வருஷத் தப்பைத் திருத்துகிறது. மார்க் மட்டும் போகும்.

‘நா வந்தே’ என்று சொல்லி ‘நான் வந்தேன்’ என்று எழுதுபவர்கள்

இனி எனக்கு முக்கியமாகப் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். ‘தமிழில் எழுதியபடியே படிப்போம், அதனால் நம் பிள்ளைகளுக்கு சைலன்ட் லெட்டர் என்ற சங்கதியே புரியாது’ என்று பலரும் சொல்கிறார்கள். நானும் நம்பியிருந்தேன். சுத்தப் பொய்.

அண்ணன் மகனைக் கூப்பிட்டேன். “நேத்து ஸ்கூலுக்கு வந்தேனு தமிழ்ல சொல்லு.”

“நா நேத்து ஸ்கூலுக்கு வந்தே.”

“எழுது.”

‘நான் நேற்றுப் பள்ளிக்கு வந்தேன்.’

வாயில் ‘ன்’ என்ற மெய்யே இல்லை. மூக்கில் லேசாக ஒரு முனகல், அவ்வளவுதான். நோட்டில் இரண்டு ‘ன்’. யாரும் அவனை இம்போசிஷன் எழுத வைக்கவில்லை. ‘அவ’ என்று சொல்லி ‘அவள்’ என்று எழுதுகிறான். ‘நீங்க’ என்று சொல்லி ‘நீங்கள்’ என்று எழுதுகிறான். ‘வீட்ல’ என்று சொல்லி ‘வீட்டில்’ என்று எழுதுகிறான். ஒலிக்காத மெய்யெழுத்தை எழுதுவதில் தமிழ்ப் பிள்ளை ஒன்றாம் வகுப்பிலேயே தேறிவிடுகிறது. என்ன, நாம் அதைப் பேச்சுத் தமிழ், எழுத்துத் தமிழ் என்று இரண்டு பெட்டியில் பிரித்து வைத்துவிட்டோம். ஆங்கிலத்துக்கு அந்த இரண்டாவது பெட்டி இல்லை; எழுத்து ஆங்கிலம் முழுவதையும் ஸ்பெல்லிங்குக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள்.

இதில் இன்னொரு அழகு உண்டு. ‘அவ’ என்கிறோம், அதனோடு ‘உம்’ சேர்த்துப் பாருங்கள். ‘அவளும்’. ஒளிந்திருந்த ‘ள்’ வெளியே வந்துவிட்டது! ‘நீங்க’, ‘நீங்களா?’. ‘நா’, ‘நானும்’. பின்னால் ஓர் உயிரொலி வந்து தொட்டதும் தூங்கிய மெய் எழுந்து உட்காருகிறது.

ஆங்கிலத்திலும் பல இடங்களில் இதுவேதான் நடக்கிறது. இலையுதிர் காலத்துக்கான ‘ஆட்டம்’ கடைசியில் ஓர் ‘என்’னை முழுங்கியிருக்கும், ‘ஆட்டம்னல்’ என்று நீட்டினால் அது பேசும். ரேங்க் கார்டில் அப்பா போடும் ‘சைன்’னில் ‘ஜி’ பேசாது. ரயில் ‘சிக்னல்’லில் பேசும். இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இது ஒரு விளையாட்டு. சத்தம் போடாத எழுத்துக்குச் சத்தம் போடுகிற சொந்தக்காரரைத் தேட வேண்டும். ஆச்சரியம் என்னவென்றால், தேவையான சொந்தபந்தம் எல்லாம் பட்டாபிராமைச் சுற்றியே குடியிருக்கிறது.

ரிசீட்டின் பேரட் பிக்குச் சொந்தம்? கல்யாண ரிசப்ஷன். வாங்கிக்கொள்வது, வரவேற்பது எல்லாம் ஒரே வேர். கடனுக்கான ‘டெட்’டின் பால் பிக்கு? அப்பாவின் டெபிட் கார்டு. ராணுவப் பகுதி போர்டுகளில் ‘கோர்’ என்று ஒரு சொல் வரும்: படைப்பிரிவு. அதில் கடைசி இரண்டு எழுத்துகளும், அதாவது பேரட் பியும் எஸ்ஸும், வாயே திறக்காது. தெரியாமல் முழுசாகப் படித்தால் பிணத்துக்கான ‘கார்ப்ஸ்’ ஆகி, ஜவான்கள் எதிரில் மானம் போகும். அந்தப் பேரட் பியின் சொந்தம் யார் என்று கேட்டால், 2019இல் ஆவடிக்கு வந்து சேர்ந்த கார்ப்பரேஷன்! உடம்பு என்று பொருள்படும் லத்தீன் சொல்தான் இரண்டுக்கும் தாய். பல பேர் சேர்ந்து ஓர் உடம்பாக நிற்பது.

அப்புறம் நம்ம டைகர். டிப்போ பிரெஞ்சுச் சொல். அதன் பாட்டி லத்தீன். வைத்துவிட்டுப் போன பொருள் என்று அர்த்தம். இதே வேரிலிருந்து வந்த இன்னொன்று டெபாசிட். பேங்கில் போடுவதும் தேர்தலில் பறிகொடுப்பதும். அங்கே டைகர் நன்றாகவே உறுமுகிறது. பழைய பிரெஞ்சில் டிப்போவுக்குள் ஓர் ‘எஸ்’ஸும் இருந்தது. அது ஒலிக்காமல் போனபின் பிரெஞ்சுக்காரர்கள் அதை எடுத்துவிட்டு, இருந்த இடத்துக்கு அடையாளமாக ‘ஓ’வின் தலையில் ஒரு சின்னத் தொப்பி வைத்தார்கள். ஆங்கிலேயர் அந்தத் தொப்பியையும் கழற்றிவிட்டார்கள்.

இதைச் சொன்னதும் “அப்போ அந்த எஸ்ஸு செத்துப் போச்சா அத்தை?” என்று கேட்டான். டெபாசிட்டில் உயிரோடு இருக்கிறது என்று காட்டினேன். அந்தச் சொல்லை அவன் இனி மறக்க மாட்டான்.

எல்லாச் சொல்லுக்கும் இப்படிச் சொந்தக்காரர் கிடைக்காது. கத்திக்கும் முழங்காலுக்கும் தேடினால் கைவிரிக்க வேண்டியதுதான். அங்கே கூட்டமாகப் பிடிப்பது உதவுகிறது: சொல்லின் தலையில் ‘என்’னுக்கு முன்னால் நிற்கும் ‘கே’ வாய் திறக்காது, ‘ஆர்’ருக்கு முன்னால் நிற்கும் ‘டபிள்யூ’ வாய் திறக்காது, சொல்லின் முடிவில் ‘எம்’முக்குப் பின்னால் வரும் பால் பி வாய் திறக்காது. பத்துச் சொல்லைப் பத்துத் தடவை எழுதுவதைவிட, ஒரே ஜாதகம் உள்ள பத்துச் சொல்லை ஒரு தடவை எழுதுவது மேல். குக்கர் விசிலுக்குள் ஒரு டைகர் ஒளிந்திருக்கிறது என்றால், ‘கேட்பது’, ‘கோட்டை’ என்பவற்றின் ஆங்கிலச் சொற்களிலும் அதே ‘எஸ்’ பக்கத்தில் அது ஒளிந்திருக்கும். இவற்றுக்குத்தான் அந்த ட்யூஷன் மிஸ்ஸின் ‘க்னைஃப்’ கூச்சல் பொருத்தமான மருந்து.

அமெரிக்காவின் தேசிய ஸ்பெல்லிங் பீ போட்டியைப் பார்த்திருப்பீர்கள். 1985இல் பாலு நடராஜன் ஜெயித்ததிலிருந்து இந்திய வம்சாவளிப் பிள்ளைகள் அதைக் குடும்பச் சொத்து போலாக்கி வைத்திருக்கிறார்கள். 2019இல் சேர்ந்து பட்டம் வாங்கிய எட்டுப் பேரில் ஏழு பேர் அவர்கள்தான். மேடையில் அந்தப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளில் ஒன்று தவறாமல் இருக்கும்: இது எந்த மொழிச் சொல்? கிரேக்கம் என்று பதில் வந்தால், தலையில் ஒரு சத்தமில்லாத பேரட் பி இருக்கிறதா என்று யோசிப்பார்கள். சைக்காலஜி, நிமோனியா எல்லாம் அந்த வகை. வெறும் மனப்பாடத்தில் ஜெயிக்கிறவர்கள் என்று நாம் நினைக்கும் பிள்ளைகளே பூர்வீகம் விசாரித்துத்தான் எழுதுகிறார்கள்.

ஃபோனிக்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. எழுத்தின் பெயரைச் சொல்லாமல் ஒலியைச் சொல்லிக்கொடுத்து, ஒலிகளைக் கூட்டிப் படிக்க வைப்பது நல்ல முறை. நம் ஜாலி ஃபோனிக்ஸ் வகுப்புகளில் 42 ஒலிகள். நமக்கு இது புதிதும் இல்லை. ‘க் கூட அ சேர்ந்தா க’ என்று படித்தவர்கள்தானே நாம். ஆனால் கேட், பேட் என்று ஜோராக ஓடும் வண்டி ‘க்னீ’யில் வந்து தடம்புரளும். அங்கே ‘இது ட்ரிக்கி வேர்ட்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ட்ரிக் என்ன என்பதைச் சொன்னால் தேவலை.

பிள்ளைகள் திணறுவதைப் பார்த்து மந்தம் என்று முத்திரை குத்துகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஐரோப்பிய மொழிகளில் படிக்கக் கற்கும் குழந்தைகளை ஒப்பிட்ட ஆய்வொன்று 2003இல் வெளிவந்தது. முதல் வகுப்பு முடிவில் பின்லாந்துக் குழந்தைகள் பழகிய சொற்களில் 98 சதவீதத்தைச் சரியாகப் படித்தார்கள். ஆங்கிலத்தில் படித்த ஸ்காட்லாந்துக் குழந்தைகள் 34 சதவீதம். அதுவும் தாய்மொழி ஆங்கிலத்தில்! பின்லாந்து மொழி கிட்டத்தட்ட எழுதியபடியே படிக்கும் மொழி. குழந்தையிடம் கோளாறு இல்லை.

தமிழ், ஆங்கிலம் எதுவானாலும் மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்தும் எழுத்துகள் இடம் மாறிக்கொண்டே இருந்தால், அது வேறு விஷயம். டிஸ்லெக்சியாவாக இருக்கலாம்; மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் போன்ற அமைப்புகள் சென்னையிலேயே இருக்கின்றன. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளும் கிடைக்கும். அந்தப் பிள்ளைக்கு இம்போசிஷன் கொடுப்பது பாவம்.

2022 ஜூனில் நம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில்தான் அரசு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைத் தொடங்கியது. தொடக்க வகுப்புப் பிள்ளைகளை வகுப்புப்படி பார்க்காமல், தெரிந்த அளவைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆங்கிலமும் அதில் உண்டு. பாட்டும் அட்டையும் விளையாட்டுமாக நடக்கும் அந்த வகுப்பில் சொந்தக்காரர் தேடும் விளையாட்டுக்கும் ஓர் ஓரம் கிடைக்கலாம்.

இவ்வளவு தொல்லை எதற்கு, ஒலிக்காததை எல்லாம் தூக்கிவிட்டால் என்ன? கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 1906இல், 300 சொற்களைச் சுருக்கி எழுதும்படி அரசு அச்சகத்துக்கு உத்தரவு போட்டார். பத்திரிகைகள் கிண்டலடித்தே ஓட்டின, நாடாளுமன்றம் எதிர்த்தது, வருஷம் முடிவதற்குள் பின்வாங்கினார். நாம் அந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். பெரியார் 1935இலேயே குடிஅரசில் பயன்படுத்திக் காட்டிய எழுத்து மாற்றத்தில் பெரும்பகுதியை, 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அரசாணையில் கொண்டுவந்துவிட்டது. தும்பிக்கை தூக்கிய ‘லை’ மறைந்தது. பதின்மூன்று எழுத்துகள் வடிவம் மாறின. என் அம்மா இன்னமும் மளிகைச் சீட்டில் பழைய தும்பிக்கை போட்டுத்தான் ‘வெற்றிலை’ எழுதுகிறார்.

ஆனால் 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில ஸ்பெல்லிங்கைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றியபோது கதை வேறு. கோயம்புத்தூருக்கும் வேலூருக்கும் வந்த புது ஸ்பெல்லிங்குகளைப் பார்த்து ஊரே சிரித்தது. சில நாளில் அரசாணை வாபஸ். கண்ணுக்குப் பழகிய ஸ்பெல்லிங் என்பது ரேஷன் கார்டு மாதிரி. தப்பாக இருந்தாலும் கைவிட மனசு வராது.

போன ஞாயிற்றுக்கிழமை அவனைக் கடைக்கு அழைத்துப் போனேன். சி.டி.எச். ரோட்டில் நாலு கடை தாண்டியிருப்போம், நின்றுவிட்டான்.

“அத்தை, நம்ம ஊர் பேர்லயே ஒரு சைலன்ட் இருக்கு.”

பார்த்தேன். கடைப் போர்டில் பட்டாபிராமின் பால் பிக்குப் பக்கத்தில் ஓர் ‘எச்’. பட்டாபிஷேக ராமனுடைய சமஸ்கிருத மூச்சு.

“ஸ்டேஷன் போர்டுல அது இல்ல” என்றான். “எது கரெக்ட்டு?”

“ரெண்டும் எழுதறாங்க.”

“டிக்டேஷன்ல வந்தா?”

எனக்குத் தெரியவில்லை. அவனே ஒரு முடிவுக்கு வந்து, எச் உள்ள போர்டுகளை வலது கையிலும் எச் இல்லாதவற்றை இடது கையிலும் விரல் மடக்கி எண்ணிக்கொண்டே நடந்தான். மளிகைக் கடை வருவதற்குள் இடது கை விரல் தீர்ந்துவிட்டது. என் கையை இரவல் கேட்டான்.